திருகோணமலையில் நாய்ப் பயிற்சி: 9 மாதக் குட்டிக்கு நல்ல பயிற்சியாளர் வேண்டும் (மான் கண்டால் ஓட்டம்)

உவர்மலை டொபி
ஞாயிறு, இரவு 8.12

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் நாய் டொபிக்கு ஒன்பது மாதம். தாய் லப்ரடோர், தகப்பன் யாரென்று தாய்க்கு மட்டும்தான் தெரியும். நிறை 24 கிலோ. வீட்டுக்குள் தங்கமான பிள்ளை. படலையைத் தாண்டினால் என் குரலே அவனுக்குக் கேட்காது.

இன்று பின்னேரம் கோட்டைப் பக்கம் நடக்கக் கூட்டிக்கொண்டு போனேன். வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: எங்கள் ஊரில் புள்ளிமான் பார்க்கக் காட்டுக்குப் போகத் தேவையில்லை. பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியிலும் கடற்கரையிலும் மாடு மாதிரித் திரியும். சில நாள் பஸ் நிலையம் வரைக்கும் வரும். கோட்டை வாசலில் ஒரு பெரிய கொம்பன் நின்றது. டொபி கண்டான். பிறகு நான் பார்த்தது தார் வீதியைத்தான், மிகக் கிட்டத்தில். முழங்கால் உரிந்துவிட்டது, செருப்பு அறுந்துவிட்டது. மான் மிரண்டு வீதியைக் குறுக்கே பாய, ஓட்டோ ஒன்று மயிரிழையில் பிரேக் போட்டது. ஓட்டோக்கார அண்ணா இறங்கி வந்து என்னைத் தூக்கிவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, நாயை யாருக்கும் குடுத்திட்டு மானை வளருங்கோ. அது பேசாமல் நிக்குது."

இன்றைக்குச் சிரிக்கிறேன். நாளைக்கு மானோ மனிதரோ அடிபட்டால் சிரிக்க முடியாது. ஆகவே பயிற்சி வேண்டும். விசாரித்ததில் மூன்று வழி தெரிகிறது:

ஒன்று, வீட்டுக்கே வந்து பழக்கும் ஒருவர். மாதம் 25,000 கேட்கிறார். "நான் பழக்கும்போது வீட்டுக்காரர் உள்ளே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாய்க்குக் கவனம் சிதறும்" என்கிறார். மற்றது, கொழும்புப் பக்கம் ஆறு வாரம் கொண்டுபோய் விடுவது. திரும்பி வரும்போது எல்லாம் பழகி வருமாம். இல்லாவிட்டால் நானே யூடியூப் பார்த்துச் செய்வது. மூன்றாவதைத்தான் இரண்டு மாதமாகச் செய்கிறேன். பலன் என் முழங்காலில் இருக்கிறது.

நாலைந்து நாய்கள் ஒன்றாக வரும் வகுப்பு ஏதும் நம் ஊரில் நடக்கிறதா?

சாம்பல்தீவான்
ஞாயிறு, இரவு 9.03

தங்கச்சி, இரண்டாவது வழி மட்டும் வேண்டாம். நான் போய் வந்தவன்.

இரண்டு வருடத்துக்கு முன் என் ரொட்வைலரை ஓர் இடத்தில் 45 நாள் விட்டேன். பெயர் போட மாட்டேன், தனிச்செய்தியிலும் கேட்க வேண்டாம். இங்கிருந்து 260 கிலோமீட்டருக்கு மேல், வான் பிடித்துக் கொண்டுபோனேன். வாரத்துக்கு ஒரு வீடியோ வரும். பார்த்தால் கண்ணீர் வரும், அவ்வளவு அழகாக இருக்கிறான், படுக்கிறான், நடக்கிறான். கூட்டி வரப் போன அன்று என் முன்னாலும் செய்து காட்டினார்கள். காசைக் கட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் முதல் நாள் அம்மா "இருடா" என்றார். நாய் அம்மாவைப் பார்த்தது, சுவரைப் பார்த்தது. நான் "சிட்" என்றேன். ஒன்றும் இல்லை. பிறகு வீடியோவில் அந்த ஆள் கத்துவது போல அடித்தொண்டையில் "சிட்!" என்று கத்தினேன். உடனே இருந்தது. அதாவது என் நாய்க்கு ஒரு முரட்டு ஆண்குரலுக்கு மட்டும்தான் இருக்கத் தெரியும். வீட்டில் பகல் முழுக்க இருப்பது அம்மாவும் தங்கையும்.

அதை விடக் கொடுமை இன்னொன்று. கொடியில் காயும் சாறனை எடுக்க நான் கையை உயர்த்தினால் நாய் தரையோடு தரையாகப் பதுங்கியது. 45 நாளில் அங்கே என்ன நடந்தது என்று எந்த வீடியோவிலும் இல்லை. அந்தப் பதுங்கல் போக ஒரு வருடம் எடுத்தது.

ஓய்வுபெற்றவன்
ஞாயிறு, இரவு 10.20

நான் அரச சேவையில் 11 வருடம் நாய் கையாண்டவன். இப்போது வளவில் இரண்டு அல்சேஷன், மற்றபடி வாழைதான்.

சாம்பல்தீவானுக்கு நடந்தது பிழை. ஆனால் காரணம் அடி மட்டும் இல்லை. பொலிஸ் நாய் கூடத் தனியாகப் பயிற்சி எடுப்பதில்லை, தன் ஆளோடு ஜோடியாகத்தான் எடுக்கும். ஆள் மாறினால் திரும்பவும் பழக வேண்டும். அப்படியிருக்க, வீட்டு நாயை ஆளில்லாமல் அனுப்பிப் பழக்கி எடுக்கலாம் என்று சொல்பவர் வியாபாரிதான்.

அதே காரணத்துக்காக அந்த 25,000 ஐயாவையும் எனக்குப் பிடிக்கவில்லை. உங்களை உள்ளே இருக்கச் சொல்கிறார் என்றால், அவர் போன பிறகு நாயை யார் நடத்துவது?

ஆனால் ஒன்று. இந்தக் காலத்தில் எல்லாரும் ஈரல் துண்டு, பிஸ்கட் என்று நாயைக் கெஞ்சுகிறார்கள். நாய்க்குத் தலைவன் யார் என்று தெரிய வேண்டும். 24 கிலோ நாய்க்குச் சோக் செயின், அதுதான் இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலி, போட்டு, இழுக்கும் நேரம் ஒரு வெட்டு வெட்டினால் இரண்டு நாளில் மானை மறக்கும். கோபிக்க வேண்டாம், அனுபவத்தைச் சொல்கிறேன்.

பேராதனைப் பிள்ளை
திங்கள், காலை 6.45

நான் பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறேன், ஊர் திருகோணமலை. இன்னும் டொக்டர் இல்லை, அதனால் "டொக்டர்" என்று யாரும் கூப்பிட வேண்டாம். அம்மா மட்டும் கூப்பிடுகிறார்.

//நாய்க்குத் தலைவன் யார் என்று தெரிய வேண்டும்//

ஐயா, இந்தத் தலைவன் கதைக்குப் பெரிய வேர் ஒன்று 1947இல் இருக்கிறது. ருடால்ஃப் ஷெங்கல் என்பவர் சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குத் தோட்டத்தில் ஓநாய்களைக் கவனித்து எழுதினார். ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஓர் அடைப்புக்குள் போட்டால் சண்டை வரத்தான் செய்யும், அதில் வென்றது தலைவன் என்று ஆனது. அந்தக் கருத்தை ஊரெல்லாம் பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மெக், பிறகு கனடாவில் காட்டு ஓநாய்களை வருடக்கணக்காகப் பார்த்துவிட்டு, 1999இல் தானே மறுத்து எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது தாய், தகப்பன், பிள்ளைகள். அவ்வளவுதான். டொபி உங்களை இழுத்து விழுத்தியது பதவிக்காக இல்லை அக்கா, மானுக்காக.

சோக் செயின் பற்றி: 2020இல் போர்த்துக்கலில் 92 வீட்டு நாய்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். வெகுமதியால் பழக்கும் பள்ளிகளுக்குப் போன நாய்கள் ஒரு பக்கம், அதட்டலும் இழுப்பும் உள்ள பள்ளிகளுக்குப் போனவை மறுபக்கம். இரண்டாவது கூட்டத்தில் பயிற்சி நேரத்தில் உதட்டை நக்குவது, கொட்டாவி, உடலைத் தாழ்த்துவது எல்லாம் கூட. உமிழ்நீரில் மன அழுத்த ஹோர்மோனும் கூட. வெட்டு வேலை செய்யாது என்று நான் சொல்லவில்லை. வேலை செய்யும்போது கூடவே வேறொன்றையும் கற்றுக்கொடுக்கிறது. மானைக் காணும் ஒவ்வொரு தடவையும் கழுத்து நோகுமென்றால் மான் அதற்கு எதிரியாகிவிடும்.

இன்னொன்று, இது ஆறுதலுக்கு. ஒன்பது மாதம் என்றால் நம் வீட்டுப் பொடியன்களுக்குப் பதினான்கு வயது மாதிரி. அதே 2020இல் பிரித்தானியாவில் வேறோர் ஆய்வு வந்தது. கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டி நாயாகப் போக வேண்டிய குட்டிகளை 5 மாதத்திலும் 8 மாதத்திலும் சோதித்தார்கள். 8 மாதத்தில் அவை "இரு" என்ற கட்டளையை வளர்த்தவர் சொன்னால் கேட்பது குறைந்தது. முன்பின் தெரியாத ஆள் சொன்னால் கேட்டன! வளர்ந்த பிறகு அந்த முறுக்குப் போய்விட்டது. அதனால் வீட்டுக்கு வரும் பயிற்சியாளர் முதல் நாளே டொபியை இருத்திக் காட்டினால் வாய் பிளக்க வேண்டாம். அவர் புது ஆள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பின்குடாக் காற்று
திங்கள், காலை 7.30

இடையில் வருகிறேன். எங்கள் குட்டிக்குப் பத்து வாரம். ஊர் நாய், பெட்டை. எல்லா ஊசியும் முடியும் வரை வாசலையே தாண்டக்கூடாது என்று சித்தப்பா சொல்கிறார். வகுப்பு ஒன்று தொடங்கினால் கொண்டு வரலாமா?

பேராதனைப் பிள்ளை
திங்கள், காலை 8.10

உங்கள் சித்தப்பா பயப்படுவது பார்வோவுக்கு, குட்டிகளைக் கொல்லும் வயிற்றோட்ட நோய். நியாயமான பயம். அந்த வைரசு மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், கட்டாக்காலி நாய்கள் படுத்தெழும்பும் இடம் என்றால் சொல்லவே வேண்டாம். ஆனால் குட்டி உலகத்தைப் பழகும் பருவம் மூன்றாவது வாரம் தொடங்கிப் பன்னிரண்டு, பதினான்காவது வாரத்தோடு பெரும்பாலும் மூடிக்கொள்கிறது. ஊசித் தொடரோ பதினாறாவது வாரம் வரை போகும். எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்தால் கதவு மூடியபின் தட்டுகிற கதைதான்.

அமெரிக்காவில் மிருக நடத்தை மருத்துவர்களின் சங்கம் ஏழு, எட்டு வாரத்திலேயே குட்டிகள் வகுப்புக்குப் போகலாம் என்கிறது. முதல் ஊசி போட்டுக் குறைந்தது 7 நாள் ஆகியிருக்க வேண்டும், பூச்சி மருந்து கொடுத்திருக்க வேண்டும், வகுப்புத் தரை கழுவக்கூடிய சுத்தமான தரையாக இருக்க வேண்டும். ஆகவே கடற்கரைக்கு வேண்டாம். யாருடைய சீமெந்து முற்றத்திலாவது, ஊசி போட்ட நாய்களோடு என்றால் தாராளமாக. அதுவரை தூக்கிக்கொண்டு போங்கள். மீன் சந்தையை மடியில் இருந்து பார்க்கட்டும். ஓட்டோ, குடை, தலைக்கவசம் போட்ட ஆள், கோயில் மணி எல்லாம் கேட்கட்டும், பார்க்கட்டும். விசர்நாய்த் தடுப்பூசிக்கு எந்த வாரம் என்று உங்கள் மிருக வைத்தியரிடம் கேட்டு இப்போதே நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.

லிங்கநகர் மாமி
திங்கள், பகல் 1.15

பிள்ளைகள் எல்லாம் படித்ததைப் பேசுகிறீர்கள், நல்லது. நான் பன்னிரண்டு நாய் வளர்த்தவள். ஒரு விசயம் ஒருவரும் கேட்கவில்லை. எந்தப் பாசையில் பழக்கப் போகிறீர்கள்?

வகுப்பு எடுப்பவர் பலரும் ஆங்கிலத்தில்தான் சொல்லுவார்கள்: சிட், ஸ்டே, கம். வீட்டுக்கு வந்து பழக்கிய ஒருவர் எங்களுக்குச் சிங்களத்தில் பழக்கினார், "இந்தகன்ன" என்றால் நாய் இருக்கும். என் மாமியாருக்கு அந்த வாய் வரவில்லை. கடைசியில் நாய்க்கு மூன்று பாசையும் அரைகுறை, எங்களைப் போலவே.

தமிழில் பழக்கினாலும் ஒரு சிக்கல் உண்டு. "இரு" என்று நாயிடம் சொல்கிறோம். அதே வாயால் படலையில் நிற்கிறவரிடம் "இருங்கோ, வாறன்" என்கிறோம். பிள்ளையிடம் "கொஞ்சம் இரு" என்றால் நில் என்று அர்த்தம். பாவம் அந்த வாயில்லாச் சீவன் எதை எடுக்கும்? எங்கள் வீட்டில் இருப்பதற்கு "குந்து", நிற்பதற்கு "நில்". "குந்து" என்று நாங்கள் வேறு ஒருவருக்கும் சொல்வதில்லை, மரியாதை இல்லை. அதனால் நாய்க்குக் குழப்பமில்லை.

இன்னொன்று. சரியாகச் செய்தவுடன் ஒரு சொல் சொல்ல வேண்டும், பிறகுதான் தீன். என் மகள் "சரி" என்று பழக்கினாள். அவள் ஃபோனில் ஒரு நாளைக்கு நூறு தடவை "சரி சரி" என்கிறவள். நாய் ஒவ்வொரு "சரி"க்கும் வந்து நின்றது. இப்போது நாக்கால் "டொக்" என்று ஒரு சத்தம் போடுகிறோம். கையில் மீன்சட்டி இருந்தாலும் போடலாம்.

தீனுக்குக் கடைப் பாக்கெட் வாங்க வேண்டாம். உப்புப் போடாமல் அவித்த கோழி ஈரல், சுண்டுவிரல் நகம் அளவுக்கு வெட்டினால் ஒரு ஈரல் மூன்று நாளுக்குக் காணும். நெத்தலிக் கருவாடு கொடுப்பதென்றால் நன்றாக ஊறவைத்து உப்பை எடுங்கள். வெங்காயம் போட்ட கறித் துண்டு மட்டும் கூடாது.

ஸ்காபரோவில் குளிர்
திங்கள், மாலை 5.50 (இங்கே காலை)

நான் மனையாவெளிப் பிள்ளை, இப்போது கனடாவில். இங்கே ஆறு வார வகுப்புக்கு நாயைக் கூட்டிப்போனேன். ஊருக்கு உதவுமோ என்று எழுதுகிறேன்.

முதல் நாள் நாயைக் கொண்டு வரவேண்டாம் என்றார்கள். எனக்குக் கோபம், காசு கட்டியது நாய்க்கல்லவா? போனால் எட்டுப் பேர் கதிரையில் இருக்கிறோம். ஒருவர் நாயாக நடிக்க, மற்றவர் வாரைப் பிடிக்க வேண்டும். நான் நாய். என்னைப் பிடித்தவர் வாரை விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தார். இரண்டு நிமிடத்தில் நானும் எதிர்ப்பக்கம் இழுக்கிறேன், காரணமே இல்லாமல்! அன்றைக்குத்தான் என் நாய் ஏன் இழுக்கிறது என்று எனக்கு விளங்கியது.

ஆறு வாரத்தில் அந்த அம்மா என் நாயைத் தொட்டது இரண்டு தடவையோ என்னவோ. முழு நேரமும் என்னைத்தான் திருத்தினார்: "கை முந்துது", "சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லாதே", "இப்ப குடு, இப்ப!"

இங்கேயும் யார் வேண்டுமானாலும் பயிற்சியாளர் என்று பலகை தொங்கவிடலாம், உரிமம் ஒன்றும் இல்லை. சிலர் பெயருக்குப் பின்னால் சி.பி.டி.டி. என்று போடுவார்கள். அதற்கு 300 மணித்தியாலம் பயிற்றுவித்த அனுபவமும் ஒரு பரீட்சையும் வேண்டும். ஊரில் அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால் சான்றிதழைத் தேட வேண்டாம், இரண்டே கேள்வி கேளுங்கள். நாய் சொன்னதைச் செய்தால் என்ன செய்வீர்கள்? செய்யாவிட்டால் என்ன செய்வீர்கள்? இரண்டாவது கேள்விக்குப் பதிலாகச் சிரிப்பு மட்டும் வந்தால் எழும்பி வந்துவிடுங்கள்.

உவர்மலை டொபி
வியாழன், இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. மாமி, "குந்து" தொடங்கிவிட்டோம். அப்பாவுக்குச் சொல்லக் கூச்சமாக இருக்கிறதாம்.

இரண்டு கேள்வியையும் எடுத்துக்கொண்டு போனேன். 25,000 ஐயாவிடம், "வேறொரு வீட்டில் நீங்கள் பழக்குவதை ஒருநாள் வந்து பார்க்கலாமா?" என்று கேட்டேன். "அது தொழில் ரகசியம்" என்றார். செய்யாவிட்டால் என்ன செய்வீர்கள் என்றதற்குச் சிரிக்கவில்லை. "செய்யாமல் விட விடமாட்டேன்" என்றார். எனக்குச் சிரிப்பே பரவாயில்லை போலிருந்தது.

பாலையூற்றுப் பக்கம் இன்னொரு தம்பி இருப்பதாக மிருக வைத்தியசாலையில் சொன்னார்கள். போனேன். பயிற்சியாளர் என்று அவர் சொல்லிக்கொள்ளவில்லை. உல்லாச விடுதி ஒன்றில் வேலை, ஆறு நாய் வளர்க்கிறார், கடற்கரை நாய்களுக்கு ஊசி போட வருகிறவர்களோடு சேர்ந்து வேலை செய்து பழகியவர். வாரை நீட்டினேன். வாங்கவில்லை. "நீங்களே பிடியுங்கோ அக்கா, நான் பார்க்கிறன்" என்றார். பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "மானுக்கு எவ்வளவு தூரத்தில இவன் ஈரல் வாங்குவான்?"

எனக்குத் தெரியவில்லை. யோசித்ததே இல்லை. நேற்று விடியப்புறம் போய்ப் பார்த்தோம். கோட்டை வாசலில் இருந்து முப்பது அடியில் ஈரலை மூக்கில் தேய்த்தாலும் டொபிக்கு மணக்கவில்லை. அறுபது அடியில் வாங்கிவிட்டுத் துப்பினான். மைதானத்தின் மறுகரையில், மான் விரல் அளவுக்குத் தெரிகிற இடத்தில், வாங்கி விழுங்கிவிட்டு இன்னொன்று கேட்டான். "வகுப்பு இங்க இருந்து தொடங்கும்" என்றார் அந்தத் தம்பி. மானிடம் போகும் தூரத்தை நாய்தான் முடிவு செய்யுமாம், நாங்கள் இல்லை. அவன் அமைதியாக வாங்கும் தூரத்தில் நாலைந்து நாள், பிறகு பத்தடி கிட்ட. துப்பினால் திரும்பப் பின்னால்.

சனி, ஞாயிறு காலை 6 மணிக்கு வரலாம் என்கிறார். காசு கேட்கவில்லை. நான்கு நாய்க்கு மேல் வேண்டாமாம். யார் வருகிறீர்கள்?

ஓய்வுபெற்றவன்
வியாழன், இரவு 10.05

பிள்ளை எழுதிய ஓநாய்க் கதையை இரண்டு தரம் வாசித்தேன். காட்டு ஓநாயை நான் பார்த்ததில்லை, நீரும் பார்த்ததில்லை. சரி, விடுவோம்.

ஆனால் அந்தத் தம்பி தூரம் கேட்டாரே, அது வேலை தெரிந்த ஆளின் கேள்வி. நாங்கள் வெடிச் சத்தத்துக்கு நாய் பழக்கியதும் அப்படித்தான். முதல் நாள் அரை மைலுக்கு அப்பால். கிட்டக் கொண்டுபோக வாரக்கணக்காகும். அதற்குப் பெயர் வைத்துப் பேசியதில்லை.

நான் வருகிறேன். என் சின்ன அல்சேஷனுக்கு வேறு நாய்களைக் கண்டால் ஆகாது. சோக் செயின் கொண்டு வரலாமா கூடாதா, முதலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே வந்து வாக்குவாதம் வேண்டாம்.

உவர்மலை டொபி
வியாழன், இரவு 10.40

ஐயா, கேட்டேன். கூடாதாம். முன் நெஞ்சில் வளையம் உள்ள உடம்புப் பட்டியும், பத்து மீட்டர் நீளக் கயிறும். கயிறு மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கலாம் என்றார். நைலோன் கையை அறுக்கும், தடிப்பானது பார்த்து வாங்கச் சொன்னார்.

ஓய்வுபெற்றவன்
வியாழன், இரவு 10.52

பார்ப்போம்.

மூதூர் வயல்
வெள்ளி, காலை 5.40

நாங்கள் நாயை வீட்டுக்குள் எடுப்பதில்லை. வயலுக்கும் ஆட்டுப் பட்டிக்கும் காவலுக்கு வைத்திருக்கிறோம், அது எங்களுக்கு ஆகும். அதனால் வகுப்புக்கு வரமாட்டேன். ஒரு வேண்டுகோள் மட்டும். மைதானத்தில் காலையில் நடக்க வரும் பெரியவர்கள் பலர் நாயின் எச்சில் பட்டால் உடுப்பு மாற்ற வேண்டியவர்கள். நாய் பாய்ந்து வரும்போது "ஒண்டும் செய்யாது, பயப்படாதீங்கோ" என்று தூரத்தில் நின்று கத்துவதால் பயன் இல்லை. கடிக்காது என்று எங்களுக்கும் தெரியும். ஆட்களைக் கண்டால் கயிற்றைச் சுருக்கிக் கொஞ்சம் ஒதுங்கி நிற்க முதல் வாரமே பழக்குங்கள். அது ஒன்று இருந்தால் வகுப்பை யாரும் கலைக்கச் சொல்லமாட்டார்கள்.

என் நாய்க்கும் "ச்சூ" என்று சொல்லி விரட்டிவிடத் தெரியும். திருப்பிக் கூப்பிடத்தான் தெரியாது. அதற்கு வழி இருந்தால் இங்கே எழுதுங்கள்.

லிங்கநகர் மாமி
வெள்ளி, காலை 8.00

தம்பி மூதூர், நல்லாய்ச் சொன்னீர்கள்.

திருப்பிக் கூப்பிட: எங்கள் ஆட்கள் நாயைக் கூப்பிடுவது கட்டுவதற்கு, குளிப்பாட்டுவதற்கு, உண்ணி பிடுங்குவதற்கு. "வா" என்றாலே ஏதோ கெட்டது என்று அதற்கு விளங்கிவிட்டது. ஒரு வாரம் "வா" என்று சும்மா கூப்பிட்டு, வந்தவுடன் நல்லதாக ஏதும் கொடுத்துவிட்டு, திரும்ப விட்டுவிடுங்கள். கட்ட வேண்டுமென்றால் கூப்பிடாமல் நீங்களே நடந்து போய்ப் பிடியுங்கள். பிந்தி வந்தாலும் அடிக்காதீர்கள். வந்ததற்கு அடித்தீர்கள் என்றுதான் அது நினைக்கும்.

நெறியாளர்
வெள்ளி, பகல் 12.30

ஆட்கள் சேர்வதால் சில விசயங்களைப் பதிவு செய்கிறேன். வருகிற எல்லா நாய்க்கும் விசர்நாய்த் தடுப்பூசி அட்டை வேண்டும், ஃபோனில் படம் இருந்தாலும் போதும். பெட்டை நாய் சூட்டில் இருந்தால் அந்த வாரங்களில் தயவுசெய்து வரவேண்டாம்; மற்ற நாய்க்கு அன்றைக்குப் பாடம் ஏறாது. பின்குடாக் குட்டி மைதானத்துக்கு இப்போதைக்கு இல்லை. யாருக்காவது கடி பட்டால் காயத்தை ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஊசி போட்ட நாய்தானே என்று வீட்டில் இருக்காதீர்கள்.

கச்சான் காற்று காலத்தில் எட்டு மணிக்கே தார் வீதி சுடும். புறங்கையை ஏழு விநாடி வீதியில் வைத்துப் பாருங்கள், வைக்க முடியாவிட்டால் நாயின் காலுக்கும் முடியாது. ஐப்பசியில் மழை தொடங்கினால் கூரை உள்ள இடம் தேட வேண்டும், அதை அப்போது பார்ப்போம்.

பேராதனைப் பிள்ளை
வெள்ளி, இரவு 9.15

ஒரு சின்ன விசயம். வகுப்பை ஒரு மணித்தியாலம் இழுக்காதீர்கள். இளநாய்க்குத் தொடர்ச்சியாக ஐந்து நிமிடம் கவனம் என்பதே பெரிது. ஐந்து நிமிடம் பயிற்சி, பத்து நிமிடம் சும்மா மணந்துகொண்டு திரியட்டும். மீதி நேரத்தில் ஆட்கள் பிளேன்ரீ குடிக்கலாம்.

சாம்பல்தீவான்
ஞாயிறு, காலை 9.20

போய் வந்தோம். மூன்று நாய், ஐந்து ஆட்கள், ஒரு போத்தல் பிளேன்ரீ.

என் ரொட்வைலர் முதல் இருபது நிமிடம் வானை விட்டு இறங்கவே இல்லை. அந்தத் தம்பி "இறக்க வேண்டாம், கதவைத் திறந்து வையுங்கோ, பார்க்கட்டும்" என்றார். காத்திருந்தோம். ஓய்வுபெற்ற ஐயா தன் கையில் இருந்த ஈரலை வான் படியில் வைத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், அவராகவே, யாரும் சொல்லாமல். நாய் இறங்கி வந்து அவருடைய சாறனை மணந்தது. எனக்கு அந்தக் கொடிச் சாறன் ஞாபகம் வந்தது. அதற்கு மேல் எழுதத் தெரியவில்லை.

ஓய்வுபெற்றவன்
ஞாயிறு, காலை 10.00

ஈரல் கொடுத்தது என்று ஊரெல்லாம் பரப்ப வேண்டாம்.

உவர்மலை டொபி
ஐந்து வாரத்துக்குப் பிறகு, ஞாயிறு, காலை 8.45

நிலவரம் சொல்ல வந்தேன். இன்று கோட்டை வாசலில் இருந்து நாற்பது அடி. கொம்பன் நின்றது, அதே கொம்பன் என்றுதான் நினைக்கிறேன். டொபி பார்த்தான். காது முன்னால் வந்தது, ஒரு முன்னங்கால் தூக்கி நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை, கயிற்றையும் இறுக்கவில்லை, மூச்சும் விடவில்லை. பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். டொக். பையில் இருந்த ஈரல் அவ்வளவையும் கொட்டிவிட்டேன், அளவு கிளவு ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு காகத்தைக் கண்டு இழுத்தான். காகத்துக்கு இன்னும் தூரம் அளக்கவில்லை.

இரண்டு கேள்வி. பின்குடாக் குட்டிக்கு இப்போது பதினாறு வாரம் தாண்டியிருக்கும், அடுத்த சனி வருகிறதா? மற்றது, ஓய்வுபெற்ற ஐயா, உங்கள் பத்து மீட்டர் கயிறு என் வீட்டில் இருக்கிறது. டொபி நுனியைக் கொஞ்சம் கடித்துவிட்டான். இப்போது ஒன்பதரை மீட்டர் இருக்கும்.